ஆவியாகாத தின்னர்

மரச்சாமான்களுக்கு வார்னிஷ் பூசுவோரும், கதவு சன்னல்களுக்கு எண்ணெய்ப் பெயிண்ட் அடிப்போரும், அச்சகங்களில் மை குழைப்போரும் நெடுங்காலமாக எதிர்கொண்டு வரும் இடர்ப்பாடு ஒன்றே. பூசும் வேளையில் பொருள் நீர்மமாக இருந்து பரப்பெங்கும் ஓடிப் படிதல் வேண்டும். பூசி முடிந்ததும் அதே பொருள் திண்மமாகித் தேய்வுக்கும் நீருக்கும் ஈடுகொடுத்து நிற்றல் வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் நிறைவேற்றுவதற்குத் தொன்றுதொட்டு இரண்டு வழிகளே கையாளப்பட்டு வந்தன.

முதலாவது வழி, கரைப்பானைத் துணைக்கொள்வது. அவலரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து மேசைக்குப் பூசும் தச்சர் இம்முறையையே பின்பற்றுகின்றார். ஸ்பிரிட் ஆவியாகிச் சென்றுவிடுகின்றது. அரக்கு மட்டும் மெல்லிய படலமாக எஞ்சி நிற்கின்றது. இங்கு இரசாயன மாற்றம் எதுவும் நிகழ்வதில்லை. இரண்டாவது வழி, ஆளிவிதை எண்ணெய் போன்ற உலரும் எண்ணெய்களைப் பயன்படுத்துவது. இவ்வெண்ணெய் உலர்வதாக நாம் கூறுவது உண்மையில் உலர்தலன்று. காற்றிலுள்ள பிராணவாயு, அஃதாவது ஆக்ஸிஜன், எண்ணெயின் மூலக்கூறுகளோடு கூடி அவற்றை ஒன்றோடொன்று பிணைத்து வலைபோல் ஆக்கிவிடுகின்றது. அதற்குப் பல மணி நேரமோ சில நாட்களோ ஆகும்.

இவ்வேறுபாட்டை வகுப்பறையிலேயே ஆசிரியர்கள் எளிதில் காட்டலாம். ஒரே அளவுள்ள இரு கண்ணாடித் தகடுகளை எடுத்து, ஒன்றில் அரக்கு வார்னிஷையும் மற்றொன்றில் வன்பொருட் கடைகளில் கிடைக்கும் காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயையும் மெல்லிதாகப் பூசி, உடனே எடை பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும். பத்து மில்லிகிராம் வரை காட்டும் தராசு போதும். ஒரு வாரம் கழித்து மீண்டும் நிறுத்தால் அரக்குத் தகட்டின் எடை குறைந்திருக்கும். எண்ணெய்த் தகட்டின் எடையோ கூடியிருக்கும். கரைப்பான் போயிற்று என்பதற்கு முன்னதும், ஆக்ஸிஜன் வந்து சேர்ந்தது என்பதற்குப் பின்னதும் சான்றாகும். இச்சோதனையைச் செய்வோர் எண்ணெய் துடைத்த கந்தல்களைச் சுருட்டி மூலையில் எறிந்துவிடலாகாது. ஆக்ஸிஜன் கூடும்போது வெளிப்படும் வெப்பம் சுருண்ட துணிக்குள் தேங்கித் தானாகவே தீப்பற்றக்கூடும். அவற்றை நீரில் நனைத்து விரித்துப் போடுதல் வேண்டும்.

மூன்றாவதாக ஒரு வழி இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தொழில் முறையில் வழக்கிற்கு வந்தது. இதில் ஆவியாகிச் செல்வது எதுவும் இல்லை. காற்றிலிருந்து வந்து சேர்வதும் இல்லை. பூசப்பட்ட நீர்மத்தின்மீது புற ஊதாக் கதிர்களோ, வேகமாகச் செல்லும் எலெக்ட்ரான்களோ பாய்ந்தவுடன், ஒரு வினாடிக்கும் குறைந்த நேரத்தில் அது முழுவதும் இறுகித் திண்மமாகிவிடுகின்றது. மருந்துப் பெட்டிகளின் பளபளப்பு, பிளாஸ்டிக் குழல்களின் மீதுள்ள அச்செழுத்து, பல் மருத்துவர் நீலவிளக்கு காட்டி அடைக்கும் வெண்ணிறப் பல்லடைப்பு, தொலைத்தொடர்பிற்கான கண்ணாடி இழையின் மேலுறை ஆகிய யாவும் இம்முறையின் பயன்களே. இம்முறை இயங்குவதற்கு இன்றியமையாத ஒருவகைச் சிறு மூலக்கூறுகளைப் பற்றி இக்கட்டுரை எடுத்துரைக்கின்றது. இரசாயன நூல்கள் இவற்றை வினைப்படும் இளக்கிகள் என வழங்கும். எளிய சொல்லில் கூறின், ஆவியாகாமல் படலத்திலேயே தங்கிவிடும் தின்னர்.

கரைப்பானால் விளைந்த தொல்லை

சாதாரண லாக்கரில் பாதிக்கு மேற்பட்ட பங்கு கரைப்பானாகவே இருப்பதுண்டு. விலை கொடுத்து வாங்கிய பொருளில் பெரும்பகுதியைக் காற்றில் விட்டுவிட்டு எஞ்சியதைக் கொண்டு திருப்தி அடைவதென்பது சிக்கனத்தின் நோக்கில் விந்தையான ஏற்பாடே ஆகும். டொலுவீன், சைலீன் முதலிய ஆவிகள் தொழிலாளரின் நரம்பு மண்டலத்தைத் தாக்குகின்றன, தீவிபத்துக்கும் காரணமாகின்றன. வெளியே சென்ற ஆவியும் வாளாவிருப்பதில்லை. வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்ஸைடுகளோடும் வெயிலோடும் கூடித் தரைமட்டத்தில் ஓஸோனையும் கண்ணெரிக்கும் புகைமூட்டத்தையும் அது விளைவிக்கின்றது. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் மாவட்டத்தில் இக்கொடுமை அளவு கடந்தபோது, 1966-ஆம் ஆண்டில் 66-ஆம் விதி எனப்படும் கட்டுப்பாடு இயற்றப்பட்டு, வெயிலில் வினைப்படும் கரைப்பான்களின் பயன்பாடு வரையறுக்கப்பட்டது. கரைப்பானின்றிப் பூசும் முறைகளைத் தொழில்துறையினர் முனைந்து தேடுவதற்கு இவ்விதியும் ஒரு தூண்டுகோலாயிற்று. ஏறத்தாழ அதே காலத்தில், 1960-களின் பிற்பகுதியில், ஜெர்மனியில் மரப்பலகைகளுக்குப் புற ஊதாக் கதிரால் இறுகும் பாலியெஸ்டர் பூச்சு நடைமுறைக்கு வந்தது.

அப்பூச்சில் பாலியெஸ்டர் பிசினை இளக்குவதற்கு ஸ்டைரீன் பயன்பட்டது. ஸ்டைரீன் தானும் பிசினோடு சேர்ந்து இறுகும் தன்மையது. ஆதலின் அதனை இவ்வகை இளக்கிகளின் மூதாதை எனலாம். ஆயினும் அது எளிதில் ஆவியாவது, காரமான நெடியுடையது, புற ஊதாக் கதிரில் மெதுவாகவே இறுகுவது. கரைப்பானை விலக்குவதற்கென வந்த பொருளே பாதி கரைப்பான்போல் நடந்துகொண்டது. எனவே அக்ரிலிக் அமிலத்தின் எஸ்டர்களாகிய அக்ரிலேட்டுகள் பின்னர் இத்துறையில் முதலிடம் பெற்றன.

கொக்கிகளின் கணக்கு

கதிர்வீச்சால் இறுகும் மையில் அடிப்பிசின், இளக்கி, ஒளித்தூண்டி, நிறமி ஆகியவை அடங்கியிருக்கும். அடிப்பிசின் என்பது ஓரளவு நீண்ட மூலக்கூறுகளால் ஆயது. படலத்தின் வலிமை, பளபளப்பு, ஒட்டுந்தன்மை ஆகியன பெரும்பாலும் அதனைச் சார்ந்தவை. ஆனால் அது மிகக் கெட்டியானது. பெரிதும் வழங்கும் எபாக்ஸி அக்ரிலேட் பிசினின் பாகுநிலை அறை வெப்பநிலையில் பல இலட்சம் சென்டிபாய்ஸ் ஆகும். நீரின் பாகுநிலை ஒரு சென்டிபாய்ஸ் எனவும், விளக்கெண்ணெயின் பாகுநிலை ஏறத்தாழ ஆயிரம் எனவும் கொண்டால் இப்பிசின் எத்தகையது என்பது விளங்கும். கரண்டியால் எடுத்தால் இழுபட்டு நிற்குமேயன்றி வடியாது. இதனை அப்படியே அச்சு உருளையில் ஏற்றுவதோ மரத்தில் பூசுவதோ இயலாது. இங்குத்தான் இளக்கி தேவைப்படுகின்றது.

இளக்கியின் மூலக்கூறு சிறியது. அதன் ஓரத்தில் அக்ரிலேட் தொகுதி ஒன்றோ பலவோ அமைந்திருக்கும். ஒவ்வொரு தொகுதியிலும் இரு கார்பன் அணுக்களிடையே இரட்டைப் பிணைப்பு ஒன்று உண்டு. அதனை ஒரு கொக்கியாக உருவகித்துக்கொள்ளலாம். கதிர் பட்டவுடன் ஒளித்தூண்டியின் மூலக்கூறு பிளந்து, தனி உறுப்பு எனப்படும் நிலையற்ற துண்டுகளைத் தருகின்றது. அத்துண்டு ஒரு கொக்கியைத் திறந்து பற்றிக்கொள்கின்றது. திறந்த கொக்கி அடுத்ததைத் திறக்கின்றது; அது அதற்கடுத்ததை. இவ்வாறு ஆயிரக்கணக்கான கொக்கிகள் கண்ணிமைக்கும் நேரத்தில் சங்கிலியாகக் கோத்துக்கொள்கின்றன.

ஒரே கொக்கியுடைய மூலக்கூறு ஒரு சங்கிலியில் மட்டும் இடம்பெறும். இரண்டு கொக்கிகள் உடையது, ஒன்றை ஒரு சங்கிலியிலும் மற்றதை வேறொரு சங்கிலியிலும் மாட்டி அவ்விரண்டையும் இணைத்துவிடும். தறியில் பாவு நூல்கள் மட்டும் இருந்தால் அவை தனித்தனியே விலகும். ஊடு நூல் பாய்ந்த பின்னரே ஆடையாகும். ஒற்றைக் கொக்கி இளக்கிகள் பாவை நீட்டுகின்றன. இரட்டைக் கொக்கியும் மும்மைக் கொக்கியும் உடையவை ஊடாகப் பாய்ந்து வலையைப் பின்னுகின்றன. ஊடு மிகுந்தால் படலம் கடினமாகவும் கரைப்பான்களால் கரையாததாகவும் ஆகும். எனினும் நொறுங்கும் இயல்பும் உடன்வரும்.

சில எடுத்துக்காட்டுகளைக் காண்போம். 1,6-ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட் இரண்டு கொக்கிகள் உடையது. மூலக்கூறு எடை 226. பாகுநிலை பத்து சென்டிபாய்ஸுக்கும் குறைவு. தேங்காயெண்ணெயைவிட நீர்த்தது. சில பிளாஸ்டிக்குகளின் மேற்பரப்பைச் சற்றே உப்பச் செய்து உட்புகுவதால் நன்கு ஒட்டுகின்றது. அதே குணத்தால் பொருத்தமற்ற அச்சு உருளை ரப்பரையும் உப்பச் செய்துவிடும் என்பதை அச்சகத்தார் அறிவர். டிரைபுரொப்பிலீன் கிளைக்கால் டைஅக்ரிலேட்டும் இரண்டு கொக்கிகள் உடையதே. மூலக்கூறு எடை 300. முன்னதைவிடச் சற்றுக் கெட்டி. அச்சுத் தொழிலிலும் மரப்பூச்சிலும் பரவலாக வழங்குவது இது. டிரைமெத்திலால்புரொப்பேன் டிரைஅக்ரிலேட் மூன்று கொக்கிகள் உடையது. பாகுநிலை நூறு சென்டிபாய்ஸை ஒட்டி நிற்கும். மிக விரைவில் இறுகும், கீறலைத் தாங்கும், மடித்தாலோ வெடிக்கும். தரைப்பலகைக்கு ஏற்றதாயினும் மடிக்கும் அட்டைப்பெட்டிக்கு இதனைத் தனியே நம்புதல் கூடாது.

எந்த இளக்கியை எவ்வளவு சேர்ப்பது என்பது பூசும் முறையைப் பொறுத்தது. ஆஃப்செட் மை வெண்ணெய் போன்ற குழம்பாதலின் அதற்குச் சிறிதளவே போதும். நுண்துளைகளின் வழியே மைத்துளிகளைப் பீய்ச்சும் இங்க்ஜெட் பொறிக்கோ ஏறத்தாழ பத்து சென்டிபாய்ஸ் அளவிலான நீர்மம் வேண்டும். அங்கு அடிப்பிசினுக்கு இடமே அரிது. மையின் பெரும்பகுதி இளக்கியாகவே அமைந்துவிடும். படலத்தின் குணநலன் முழுவதற்கும் அப்போது இளக்கியே பொறுப்பேற்க நேர்கின்றது.

சுருக்கம் என்னும் வரி

இவ்வினையால் விளையும் ஒரு தீங்கையும் குறிப்பிடுதல் வேண்டும். நீர்மத்தில் அடுத்தடுத்த மூலக்கூறுகள் ஏறத்தாழ 3 முதல் 4 ஆங்ஸ்ட்ராம் இடைவெளியில் நிற்கின்றன. கொக்கி மாட்டியபின் அவ்விடைவெளி 1.5 ஆங்ஸ்ட்ராமாகக் குறைகின்றது. ஆகவே ஒவ்வொரு கொக்கியும் மாட்டும்போது பூச்சு சுருங்குகின்றது. அக்ரிலேட்டுகளில் ஒரு கிராம்-மூலக்கூறு அளவு இரட்டைப் பிணைப்புகள் வினைப்பட்டால் சுமார் 22 கன சென்டிமீட்டர் கன அளவு மறைகின்றது என்பது அளவிட்டறிந்த உண்மை. இதனைக் கொண்டு கணக்கிட்டால், ஹெக்சேன்டையால் டைஅக்ரிலேட்டின் கொக்கிகள் யாவும் மாட்டிக்கொள்ளுமாயின் அதன் கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைய வேண்டும். உயர்வகுப்பு மாணவர்களுக்கு இக்கணக்கை ஆசிரியர்கள் பயிற்சியாகவே கொடுக்கலாம். மூலக்கூறு எடை 226, அடர்த்தி ஏறத்தாழ 1.01, கொக்கிகள் இரண்டு.

சுருங்கும் படலம் தன் அடித்தளத்தை இழுக்கின்றது. உலோகத் தகட்டில் பூசிய பூச்சு உரிந்து வருவதற்கும், மெல்லிய பிளாஸ்டிக் தாள் சுருண்டுகொள்வதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். மூன்று கொக்கி மூலக்கூறுகளில் வலை விரைவாக இறுகிவிடுவதால் எஞ்சிய கொக்கிகள் அசைய இயலாமல் அகப்பட்டு நிற்கும். பாதிக்கு அருகில் வினைப்படாமலே எஞ்சுவதும் உண்டு.

சுருக்கத்தைக் குறைப்பதற்கு வழி, எடைக்குக் கொக்கிகள் குறைவாக உள்ள பருத்த மூலக்கூறுகளைத் தேர்ந்தெடுப்பது. அவற்றுள் சிறந்தது ஐசோபார்னில் அக்ரிலேட். இதன் மூலக்கூறு எடை 208, கொக்கியோ ஒன்றே. ஆகவே சுருக்கம் முன்னதில் ஏறத்தாழ பாதிதான். அவ்வாறிருந்தும் படலம் மென்மையாகிவிடுவதில்லை. மூலக்கூறின் உடற்பகுதி, இரு வளையங்கள் ஒன்றிய கூண்டு போன்ற வடிவினதாதலின், சங்கிலிகள் எளிதில் வழுக்கி நகர இயலாமல் தடைப்படுகின்றன. இதற்கு நேர்மாறாக, 2-எத்தில்ஹெக்சைல் அக்ரிலேட்டின் வால்போன்ற பகுதி நெகிழ்வானது. அதனால் ஆகும் பாலிமர் அறை வெப்பநிலையில் பிசுபிசுவென ஒட்டும் பசையாகவே இருக்கும். ஒற்றைக் கொக்கியுடைய இவ்விரண்டும் இத்துணை மாறுபடுவதற்கு உடலின் வடிவமே காரணம்.

ஐசோபார்னில் அக்ரிலேட்டின் பிறப்பு வரலாறு சற்றுச் சுவையானது. பைன் மரத்தின் பாலிலிருந்து வடிக்கப்படும் டர்பென்டைனில் ஆல்ஃபா-பைனீன் என்னும் பொருள் உண்டு. அதன் மூலக்கூறை மாற்றியமைத்தால் கேம்ஃபீன் கிடைக்கின்றது. கேம்ஃபீனை அக்ரிலிக் அமிலத்தோடு சேர்த்தால் ஐசோபார்னில் அக்ரிலேட். அதே கேம்ஃபீனை அசெட்டிக் அமிலத்தோடு சேர்த்துப் பின் வேறு இரு படிகளைக் கடத்தினால் செயற்கைக் கற்பூரம். கோயில்களில் ஏற்றப்படும் கற்பூரத்தில் பெரும்பகுதி இவ்வழியே ஆக்கப்படுவது. பழைய பெயிண்டர்கள் இளக்கியாகச் சேர்த்து ஆவியாக விட்ட டர்பென்டைன், உருமாறி, ஆவியாகாத இளக்கியாக மீண்டும் பூச்சுக்குள் வந்து சேர்ந்திருக்கின்றது. கற்பூரத்தின் தொடர்பும் அத்துடன் நிற்கவில்லை. கற்பூரத்தை ஆக்ஸிஜனேற்றம் செய்தால் கிடைக்கும் மஞ்சள் நிறக் கேம்ஃபர்குவினோன், 468 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியை மிகுதியும் உட்கொள்வது. பல்லடைப்புப் பொருளில் ஒளித்தூண்டியாகச் சேர்க்கப்படுவது.

பல்லிலும் கண்ணாடி இழையிலும்

பல்லடைப்பை இங்குச் சற்று விரித்துரைத்தல் பொருத்தமாகும். அமெரிக்கரான ரஃபேல் போவன் என்பார் உருவாக்கி 1962-ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற பிஸ்-ஜிஎம்ஏ என்னும் பிசின் இன்றைய வெண்ணிற அடைப்புகளுக்கு அடிப்படை. இது தேனைக் காட்டிலும் பன்மடங்கு கெட்டியானது. நுண்ணிய கண்ணாடித் தூளை இதில் வேண்டிய அளவு கலக்க இயலாது. ஆகவே டிரைஎத்திலீன் கிளைக்கால் டைமெத்தக்ரிலேட் என்னும் நீர்த்த மானோமர் இளக்கியாகச் சேர்க்கப்படுகின்றது. இளக்கி கூடினால் தூளும் கூடுதலாக ஏற்கும். ஆனால் சுருக்கமும் கூடும். சுருங்கிய அடைப்புக்கும் பற்சுவருக்கும் இடையே மயிரிழை வெடிப்பு தோன்றினால் அங்குக் கிருமிகள் புகுந்து மீண்டும் சொத்தை உண்டாகும். பல் மருத்துவர் அடைப்பை ஒரேயடியாக இடாமல் மெல்லிய அடுக்குகளாக இட்டு, ஒவ்வோர் அடுக்கிற்கும் விளக்குக் காட்டுவதற்கு ஒளி ஊடுருவும் ஆழம் குறைவு என்பதோடு இதுவும் ஒரு காரணம்.

கிராமப் பஞ்சாயத்துகளை இணைக்கும் பாரத்நெட் திட்டத்தில் புதைக்கப்படும் கம்பிவடங்களுக்குள் உள்ள ஒளியிழையும் இவ்வேதியியலின் துணையின்றி நிலைத்திராது. இழையின் கண்ணாடிப் பகுதி 125 மைக்ரான் விட்டமுடையது. உருகிய முனையிலிருந்து இழுக்கப்பட்டவுடனேயே, தூசியோ ஈரமோ படுமுன், அதற்கு உறையிடுதல் வேண்டும். இல்லையேல் கண்ணுக்குத் தெரியாத கீறலொன்றே அதனை முறித்துவிடும். இழை நிமிடத்திற்கு ஆயிரம் மீட்டருக்கு மேற்பட்ட வேகத்தில் ஓடுவதால், ஆவியாகி உலரும் பூச்சுக்கு அங்கு வேலையில்லை. உட்புறம் நெகிழ்வான பூச்சும் வெளிப்புறம் கடினமான பூச்சுமாக இரண்டு அக்ரிலேட் உறைகள் புற ஊதா விளக்குகளின் கீழ் இறுகி, மொத்த விட்டம் பொதுவாக 250 மைக்ரான் ஆகின்றது. மேற்கூறிய நெகிழ்வான வாலும் கூண்டு வடிவமும் முறையே உள்ளுறைக்கும் வெளியுறைக்கும் எவ்வாறு பயன்படும் என்பதை வாசகர்கள் தாமே உய்த்துணரலாம்.

புற ஊதாக் கதிர்களுக்கு மாறாக எலெக்ட்ரான் கற்றையைப் பயன்படுத்தினால் ஒளித்தூண்டியே தேவையில்லை. எலெக்ட்ரான்களே மூலக்கூறுகளைத் தாக்கித் தனி உறுப்புகளை உண்டாக்கிவிடும். அடர்ந்த நிறமியுள்ள பூச்சுகளையும் அவை ஊடுருவும். பாபா அணு ஆராய்ச்சி மையம் உருவாக்கிய 500 கிலோ எலெக்ட்ரான்வோல்ட் முடுக்கி ஒன்று நவி மும்பையைச் சார்ந்த வாஷியில் மேற்பூச்சு வேலைகளுக்கென நிறுவப்பட்டது. ஆயினும் இயந்திரத்தின் விலையும், எக்ஸ்-கதிர்க் காப்புச் சுவர்களும், நைட்ரஜன் சூழலும் வேண்டியிருப்பதால் சிறு தொழிலகங்கள் விளக்குகளையே நாடுகின்றன.

தோலும் உணவும்

இறுகிய படலம் பெரும்பாலும் தீங்கற்றது. இறுகாத இளக்கி அவ்வாறன்று. இம்முறையைப் பற்றி எழுதப்படும் விளம்பரக் குறிப்புகள் கரைப்பானின்மையைப் போற்றுமளவுக்கு இவ்வுண்மையை வற்புறுத்துவதில்லை. வினைப்படும் ஆற்றலே இளக்கியின் சிறப்பு. அவ்வாற்றலே தோலிலுள்ள புரதங்களோடும் அது வினைப்படுவதற்குக் காரணம். 1970-களில் பென்டாஎரித்ரிடால் டிரைஅக்ரிலேட் கலந்த அச்சு மைகளைக் கையாண்ட தொழிலாளருக்குக் கடும் தோலழற்சி ஏற்பட்டமை மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளது.

இதில் இருவகை உண்டு. ஒன்று, பட்ட இடத்தில் எரிச்சலும் கொப்புளமும் தோன்றிச் சில நாட்களில் ஆறுவது. மற்றொன்று ஒவ்வாமை. இது முதல் நாளிலேயே தோன்றுவதில்லை. வாரங்களோ மாதங்களோ ஒரு குறையுமின்றி வேலை செய்த ஒருவருக்குத் திடீரென ஒருநாள் விரல்களில் தினவும் சிவப்பும் தோன்றும். அதன்பின் மிகச் சிறிதளவு பட்டாலும் மீண்டும் தோன்றும். பொதுவாக ஆயுள் முழுதும் அவ்வியல்பு மாறுவதில்லை. கைத்தொழிலே வாழ்வாதாரமாக உள்ள அச்சுத் தொழிலாளி ஒருவர் தொழிலையே விட்டு விலக நேரிடுகின்றது. ஆகவே, தமக்கு இதுவரை எதுவும் நேரவில்லை என்று கூறும் தொழிலாளரின் கூற்றைக் களப்பணியாளர் பாதுகாப்பிற்குச் சான்றாகக் கொள்ளலாகாது.

சர்க்கரை நோயாளர் உடலில் ஒட்டிக்கொள்ளும் குளுக்கோஸ் அளவிடும் கருவிகள் சிலவற்றால் தோலழற்சி ஏற்பட்டதை ஆராய்ந்தபோது, கருவியின் உறுப்புகளை ஒட்டிய பசையில் எஞ்சியிருந்த ஐசோபார்னில் அக்ரிலேட்டே அதற்குக் காரணமெனக் கண்டறியப்பட்டது. அமெரிக்கத் தொடுதோலழற்சிச் சங்கம் 2020-ஆம் ஆண்டின் ஒவ்வாப்பொருளாக இதனை அறிவித்தது. நகரங்களில் பெருகிவரும் ஜெல் நகப்பூச்சும் இதே வகையைச் சேர்ந்தது. அதிலுள்ள 2-ஹைட்ராக்ஸிஎத்தில் மெத்தக்ரிலேட் தோலில் வழிந்தாலோ, விளக்கின் ஆற்றல் போதாமல் அரைகுறையாக இறுகினாலோ ஒவ்வாமை உண்டாகலாம். இப்பூச்சைப் பள்ளிச் சோதனைப் பொருளாகப் பயன்படுத்தும் எண்ணம் ஆசிரியர்களுக்குத் தோன்றுமாயின் அதனைக் கைவிடுதல் நலம். உலக சுகாதார நிறுவனத்தைச் சார்ந்த பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம், 2-எத்தில்ஹெக்சைல் அக்ரிலேட்டையும் டிரைமெத்திலால்புரொப்பேன் டிரைஅக்ரிலேட்டையும் மனிதருக்குப் புற்றுநோய் விளைவிக்கக்கூடியவை எனக் கருதத்தக்க 2-பி வகுப்பில் வைத்துள்ளது என்பதும் அறியத்தக்கது.

கையாளும் முறையில் சிலவற்றை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். சாதாரண ரப்பர் கையுறையை இளக்கிகள் விரைவில் ஊடுருவும். நைட்ரைல் கையுறை ஏற்றது, அதனையும் கறைப்பட்டவுடன் மாற்றுதல் வேண்டும். கையில் பட்ட மையைத் தின்னரால் துடைக்கும் வழக்கம் மிகத் தீயது. தின்னர் தோலின் கொழுப்பைக் கரைத்து இளக்கிக்கு உள்ளே செல்ல வழி திறந்துவிடும். சோப்பும் நீருமே போதும். தோல் செருப்பிலோ இடுப்புப் பட்டையிலோ ஊறிவிட்டால் அவற்றை எறிந்துவிட வேண்டும்; அவை கழுவித் தூய்மையாவதில்லை. கறைப்பட்ட சட்டையை வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்கலாகாது.

தீங்கைக் குறைப்பதற்கு உற்பத்தியாளர்கள் கண்ட வழி மூலக்கூறைப் பெரிதாக்குவது. டிரைமெத்திலால்புரொப்பேனுக்கும் அக்ரிலேட் தொகுதிக்கும் இடையே எத்திலீன் ஆக்ஸைடு அலகுகளைச் செருகினால் மூலக்கூறு எடை 296-லிருந்து 428 அளவுக்கு உயர்கின்றது, தோலெரிச்சல் குறைகின்றது, நெகிழ்வும் சற்றுக் கூடுகின்றது. இவ்வாறு நீட்டப்பட்ட இளக்கிகளே இப்போது பெரிதும் விரும்பப்படுகின்றன.

உணவுப் பொதிகளில் கேள்வி வேறு வடிவம் பெறுகின்றது. 2005-ஆம் ஆண்டு நவம்பரில் இத்தாலியில் குழந்தைகளுக்கான பால் பெட்டிகள் பெருமளவில் பறிமுதல் செய்யப்பட்டன. பெட்டியின் வெளிப்புற மையிலிருந்த ஐசோபுரொப்பைல்தயோக்ஸாந்தோன் என்னும் ஒளித்தூண்டி பாலில் காணப்பட்டதே காரணம். வெளியே அச்சிட்ட மை, பன்னடுக்கு அட்டையைக் கடந்து உள்ளே சென்றது எவ்வாறு? அச்சிட்ட தாளைச் சுருளாகச் சுற்றும்போது ஒரு சுற்றின் அச்சுப்பக்கம் அடுத்த சுற்றின் உட்பக்கத்தோடு ஒட்டி நிற்கின்றது. வலையில் மாட்டாத சிறு மூலக்கூறுகள் அங்கிருந்து மறுபக்கத்திற்கு மாறிவிட்டன. அகப்பட்டது ஒளித்தூண்டியாயினும் பாடம் இளக்கிக்கும் பொருந்தும். ஒற்றைக் கொக்கி மூலக்கூறு மாட்டாமல் தவறினால் முற்றிலும் விடுதலை பெற்றுவிடும். மூன்று கொக்கிகள் உடையது ஒன்றையேனும் மாட்டிக்கொண்டால் வலையை விட்டு நகர இயலாது. உணவுப் பொதிகளுக்கான மைகளில் பல கொக்கிகளுடைய பருத்த மூலக்கூறுகள் விரும்பப்படுவது இதனாலேயே. நம் நாட்டில் 2018-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புப் பொதிவு ஒழுங்குமுறைகள், உணவுப் பொதிகளின் அச்சுமை ஐ.எஸ். 15495 தர அளவைக்கு இணங்க இருத்தல் வேண்டுமென விதிக்கின்றன.

பீப்பாயிலுள்ள காற்று

ஆளிவிதை எண்ணெயை இறுகச் செய்யும் ஆக்ஸிஜன், அக்ரிலேட்டுக்குப் பகையாக நிற்கின்றது. வளரும் சங்கிலியின் முனை, அடுத்த கொக்கியைக் காட்டிலும் விரைவாக ஆக்ஸிஜனைப் பற்றிக்கொள்கின்றது. பற்றியபின் அது சோர்ந்துவிடுகின்றது. மேற்பரப்பு பிசுபிசுப்பாக நின்றுவிடுவது இதன் விளைவு. ஒரு மைக்ரான், இரண்டு மைக்ரான் பருமனுள்ள அச்சுமைப் படலத்தில் மேற்பரப்பைத் தவிர வேறென்ன உண்டு? ஆகவே வலிய விளக்குகளையும், அமீன் சேர்மங்களையும், தேவையான இடத்தில் நைட்ரஜன் சூழலையும் கொண்டு இதனை வெல்கின்றனர்.

ஆனால் சேமிப்புக் கிடங்கில் அதே ஆக்ஸிஜன் காவலனாகின்றது. இளக்கி தானாகவே இறுகிவிடாதவாறு ஹைட்ரோகுவினோன் மோனோமெத்தில் ஈதர் என்னும் தடைப்பொருள் மிகச் சிறிதளவு அதில் சேர்க்கப்பட்டிருக்கும். கரைந்துள்ள ஆக்ஸிஜன் உடனிருந்தால்தான் அத்தடைப்பொருள் வேலை செய்யும். இதனை அறியாத ஒருவர் தீ விபத்தைத் தவிர்க்கும் நன்னோக்குடன் பீப்பாயிலுள்ள காற்றை நீக்கி நைட்ரஜனை நிரப்பினால், விளைவு நேர்மாறாகும். காவலற்ற நீர்மம் வினைப்படத் தொடங்கும். வினையால் வெப்பம் எழும். வெப்பத்தால் வினை மேலும் விரையும். முடிவில் பீப்பாய் வெடிக்கவும் கூடும். நாகபுரி போன்ற இடங்களில் மே மாத வெயிலில் திறந்த முற்றத்தில் அடுக்கப்படும் பீப்பாய்களுக்கு இவ்வபாயம் மிகுதி. ஆய்வுக்குச் செல்லும் களப்பணியாளர் முதலில் காண வேண்டியவை இவை: பீப்பாய் கழுத்துவரை நிரப்பப்படாமல் மேலே காற்றுக்கு இடம் விடப்பட்டுள்ளதா, கிடங்கு நிழலிலும், உற்பத்தியாளர் குறித்த வெப்பநிலைக்கு உட்பட்டும் உள்ளதா, உட்புறம் துருப்பிடித்த பழைய பீப்பாய்க்கு மாற்றி ஊற்றியுள்ளனரா என்பவை. இரும்புத் துருவும் இவ்வினையைத் தூண்டவல்லது. தொட்டுப் பார்த்துப் பீப்பாய் சூடாக இருக்கக் கண்டால், அதனைத் திறக்க முற்படாமல், அருகிலுள்ளோரை அப்புறப்படுத்திவிட்டுத் தொலைவிலிருந்து நீர் பாய்ச்சிக் குளிர்விக்கத் தீயணைப்புப் படையினரை அழைத்தல் வேண்டும்.